விசா கைக்கு வரும்வரை வேலையை விடாதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 29. திண்டுக்கல்லில் ஒரு தனியார் வங்கிக் கிளையில் ஆறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். போன ஆவணியில் பெரியவர்கள் பார்த்து முடித்த திருமணம். கணவர் அமெரிக்கக் குடிமகன். டெக்ஸாஸில் ஹூஸ்டனை அடுத்த கேட்டியில் இருக்கிறார். கல்யாணத்துக்கு வந்தவர் 22 நாள்கள் தங்கிவிட்டுத் திரும்பினார். ஐப்பசியில் எனக்காக மனு போட்டார். ஐந்து மாதமாகியும் ரசீதைத் தவிர எதுவும் வரவில்லை. "எப்படியும் போகப் போகிறாய், வேலையை விட்டுவிட்டு எங்களோடு வந்து இரு" என்கிறார் மாமியார். இங்கே ஒரு முகவர், மூன்று லட்சம் கொடுத்தால் சுற்றுலா விசாவில் அனுப்பிவைப்பதாகவும், போன பிறகு அங்கேயே மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார். என் பாஸ்போர்ட்டில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது, சர்நேம் இடம் காலி. பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லை, "பெண் குழந்தை" என்றுதான் போட்டிருக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்? அங்கே போனால் எனக்கு வேலை கிடைக்குமா? ஒரு சின்னக் கேள்வியும் உண்டு: அம்மா வளர்க்கும் கருவேப்பிலைக் கன்று ஒன்றைக் கொண்டுபோகலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்த முகவர். இன்றோடு அவருடைய தொலைபேசியை எடுக்காதீர்கள். சுற்றுலா விசா நேர்காணலில் "கணவர் எங்கே இருக்கிறார், உங்களுக்காகக் குடியேற்ற மனு போட்டிருக்கிறாரா" என்று கேட்பார்கள். உண்மையைச் சொன்னால், திரும்பி வரும் எண்ணம் இல்லாதவர் என்று கருதிப் பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள். அந்த மறுப்பால் பெரிய நட்டமில்லை. பொய் சொன்னால்தான் ஆபத்து. விசாவுக்காகத் தெரிந்தே பொய் சொன்னவர் என்று ஒருமுறை பதிவாகிவிட்டால் அது ஆயுள் தடை. அதிலிருந்து விலக்குக் கேட்டு வருகிறவர்களின் கோப்புகள் வக்கீலான என் மேசையில் எப்போதும் இரண்டு மூன்று கிடக்கும். மூன்று லட்சம் வாங்கியவர் அவர்களில் ஒருவருடைய போனைக்கூட எடுப்பதில்லை.

நேர்வழிக்கு அரசு கேட்கும் கட்டணத்தையும் பாருங்கள். உங்கள் கணவர் இணையத்தில் ஐ-130 மனு போட்டிருந்தால் 625 டாலர் கட்டியிருப்பார். மனு ஏற்கப்பட்டதும் கோப்பு நேஷனல் விசா சென்டருக்குப் போகும். அங்கே விசா விண்ணப்பத்துக்கு 325, மனைவியைப் பராமரிப்பேன் என்று கணவர் எழுதித் தரும் ஆதரவுப் பத்திரத்துக்கு 120. விசா கிடைத்த பிறகு கிரீன் கார்டு அச்சிட 235. எல்லாம் சேர்த்து 1,305 டாலர்தான். மருத்துவப் பரிசோதனையும் பயணமும் தனி. கட்டணங்கள் அவ்வப்போது மாறும் என்பதால், கட்டும் அன்று அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஐந்து மாதம் மௌனமாக இருப்பது கோளாறு அல்ல. குடிமகனின் மனைவிக்கு ஆண்டு ஒதுக்கீடு என்ற வரிசை கிடையாது. கணவர் கிரீன் கார்டு மட்டும் வைத்திருந்தால் மாதாமாதம் வரும் விசா அறிவிக்கையைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியிருக்கும். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் மனுவைப் படிப்பதற்கே ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. மனு போட்ட நாளிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு வருடம் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால்தான் சொல்கிறேன், வேலையை விடாதீர்கள். நீங்கள் கேட்ட எல்லாவற்றிலும் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். மருமகள் வேலையில் இருந்தால் விசாவுக்கு இடைஞ்சல் என்று யாராவது அத்தையிடம் சொல்லியிருந்தால், அப்படி ஒரு விதி கிடையாது. குடியேற்ற விசா பொதுவாக மருத்துவப் பரிசோதனை நாளிலிருந்து ஆறு மாதம் வரை செல்லும். விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகு ராஜினாமா கடிதம் கொடுத்தால்கூட, மூன்று மாத நோட்டீஸ் காலத்தை முடித்துவிட்டு விமானம் ஏற நேரம் இருக்கும். இடையில் மாமியார் வீட்டுக்குப் போக வேண்டும் என்றால் விடுப்பில் போய் வாருங்கள். இரண்டு வருடம் சும்மா இருந்துவிட்டு அங்கே போய் வேலை தேடும்போது, அந்த இடைவெளியைப் பற்றித்தான் முதல் கேள்வி வரும்.

நான் இதை வெறும் வக்கீலாகச் சொல்லவில்லை. 2004இல் எச்-4 விசாவில் அமெரிக்காவுக்கு வந்தவள் நான். எச்-1பி என்ற வேலை விசாவில் வரும் பணியாளரின் மனைவி அப்போது ஒரு டாலர்கூடச் சம்பாதிக்கக் கூடாது. அவர்களில் ஒரு பிரிவினருக்கு வேலை அனுமதி வந்ததே 2015 மே மாதத்தில்தான். படிக்கத் தடையில்லை என்பதால் சட்டம் படித்தேன். அதற்கு முன் இரண்டு வருடம், மதியம் தபால்காரர் வருவதை ஜன்னலில் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் அன்றாட நிகழ்ச்சி. உங்களுக்கு வருவது அந்த விசா அல்ல. விமான நிலையத்தில் முத்திரை விழுந்த நிமிடமே நீங்கள் நிரந்தரக் குடியிருப்பாளர். பாஸ்போர்ட்டில் இருக்கும் அந்த விசாவே, முத்திரையோடு, ஒரு வருடத்துக்குத் தற்காலிக கிரீன் கார்டாகச் செல்லும். சட்டப்படி மறுநாளே வேலைக்குச் சேரலாம்.

அடுத்தது உங்கள் பெயர். சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களை இதைப் போல் படுத்தும் விஷயம் வேறில்லை. நமக்குச் சர்நேம் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால், அமெரிக்க விசாவில் அந்தப் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய்விடும். முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "எஃப்என்யூ" என்று விழும். முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கான சுருக்கம் அது. பிறகு அதே மூன்றெழுத்து கிரீன் கார்டில் வரும், அங்கிருந்து வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம், காப்பீட்டு அட்டை என்று தொற்றிக்கொண்டே போகும். என்னிடம் வந்த ஒரு பெண்ணை மருந்துக் கடையில் "ஃப்னூ, ஃப்னூ" என்று நாலு தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார். வந்த பிறகு மாற்ற வேண்டுமானால் நீதிமன்ற உத்தரவு வேண்டும், அல்லது குடியுரிமை வாங்கும் நாள்வரை பொறுக்க வேண்டும்.

ஆகவே இப்போதே பாஸ்போர்ட் சேவா மையத்தில் மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்துச் சர்நேம் சேர்த்துவிடுங்கள். அப்பா பெயரா, கணவர் பெயரா என்று வீட்டில் பேச்சு எழும். அப்பா பெயரைப் போடுங்கள் என்பேன். உங்கள் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் முதல் வங்கி வேலை உத்தரவு வரை எல்லாவற்றிலும் இருக்கும் இனிஷியல் அதுதான், அதை விரித்து எழுதினால் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும். என்னை இங்கே எல்லோரும் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அவருக்கு அதில் ஏகப் பெருமை. மனுவில் பழைய பெயர் இருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். டிஎஸ்-260 என்ற விசா விண்ணப்பத்தை நிரப்பும் நேரத்தில் புதிய பாஸ்போர்ட் கையில் இருந்தால் போதும். பழையதையும் பத்திரமாக வைத்திருங்கள்.

பெயரில்லாத பிறப்புச் சான்றிதழும் புதிதல்ல, மருத்துவமனையில் பிறந்து பதிவாகி, பெயர் சேர்க்காமலே விட்ட குழந்தைகள் நம் ஊரில் ஆயிரக்கணக்கில் உண்டு. பதிவில் பெயர் சேர்க்க 15 வருட வரம்பு இருக்கிறது. தமிழக அரசு அவ்வப்போது அதை நீட்டித்து வாய்ப்பும் தருகிறது. உங்கள் பிறப்பு பதிவான நகராட்சி அல்லது மாநகராட்சியின் பிறப்பு இறப்புப் பிரிவில் இப்போது சேர்க்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். முடிந்தால் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. முடியாவிட்டால் அதே சான்றிதழோடு பள்ளி மாற்றுச் சான்றிதழையும், உங்கள் பிறப்பை நேரில் அறிந்த மூத்த உறவினர் இருவரின் உறுதிமொழிப் பத்திரங்களையும் சேர்த்துக் கொடுக்கலாம். பத்திரத்தில் பிறந்த தேதி, ஊர், பெற்றோர் இருவர் பெயர், இதெல்லாம் அவர்களுக்கு எப்படித் தெரியும் என்பது ஆகிய நான்கும் இருக்க வேண்டும். தமிழில் உள்ள எதையும் ஆங்கில மொழிபெயர்ப்போடும், மொழிபெயர்த்தவரின் கையொப்பச் சான்றோடும் அனுப்ப வேண்டும். போலீஸ் சான்றிதழை உள்ளூர்க் காவல் நிலையத்தில் வாங்காதீர்கள், பாஸ்போர்ட் அலுவலகம் தருவதைத்தான் ஏற்பார்கள்.

கணவர் தர வேண்டியது ஐ-864 என்ற ஆதரவுப் பத்திரம். இருவர் குடும்பத்துக்கு 2025ஆம் ஆண்டுக் கணக்கில் ஆண்டு வருமானம் 26,437 டாலருக்குக் குறையக் கூடாது என்று இருந்தது. அவர் மாதச் சம்பளக்காரர் என்றால் இது ஒரு பொருட்டல்ல. சொந்தத் தொழில் செய்து, வரிக்குப் பயந்து வருமானத்தைக் குறைத்துக் காட்டியிருந்தால் இன்னொருவர் கூட்டாகக் கையெழுத்துப் போட வேண்டிவரும். அவருக்கு முன்பு திருமணம் நடந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. நடந்திருந்தால் விவாகரத்துத் தீர்ப்பின் நகல் மனுவிலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் நேர்காணலில்தான் அது முளைக்கும். கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள்.

நேர்காணல் சென்னை அண்ணா சாலை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நடக்காது. கணவன் மனைவிக்கான குடியேற்ற விசாவுக்கு மும்பை பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் உள்ள துணைத் தூதரகத்துக்குப் போக வேண்டும். மருத்துவப் பரிசோதனையை அதற்கு முன்பே, தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் முடித்திருக்க வேண்டும். மார்பு எக்ஸ்ரேயில் காசநோய்ச் சந்தேகம் வந்தால் சளிப் பரிசோதனையின் முடிவு தெரிய எட்டு வாரம் ஆகும். விமான டிக்கெட்டை முன்கூட்டியே எடுக்க வேண்டாம் என்று நான் கெஞ்சுவது இதனால்தான். தடுப்பூசி அட்டை பழசாக இருந்தாலும் எடுத்துப் போங்கள், அதே ஊசியை மறுபடி போட்டுக்கொள்ளாமல் தப்பலாம்.

வெறும் 22 நாள்கள்தான் சேர்ந்து வாழ்ந்தோம் என்பது உங்களை உறுத்துகிறது என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிந்தது. பெரியவர்கள் பார்த்து முடித்த திருமணம் எப்படி நடக்கும் என்பது மும்பையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு நன்றாகத் தெரியும். அவர் தேடுவது திருமணத்துக்குப் பிந்தைய வாழ்க்கையை. மண்டபத்தில் எடுத்த ஐந்நூறு படங்களில் எட்டு போதும். அதைவிட, நீங்கள் இருவரும் ஊட்டிக்குப் போன பஸ் டிக்கெட்டும் விடுதி ரசீதும் நன்றாகப் பேசும். உங்கள் பி.எஃப். நியமனதாரராக அவரைப் போடுங்கள். அவருடைய ஓய்வூதியக் கணக்கிலும் ஆயுள் காப்பீட்டிலும் உங்களைப் போடச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அறுநூறு பக்கம் அச்சடித்துத் தூக்கிப்போனவர்கள் இருக்கிறார்கள். மாதத்துக்கு ஒரு பக்கம் போதும். முடிந்தால் அவர் இன்னொரு முறை வந்து உங்களோடு இருந்துவிட்டுப் போகட்டும், அது விசாவுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. நேர்காணல் முடிவில் 221(ஜி) என்று ஒரு சீட்டைக் கொடுத்தால் கலங்க வேண்டாம். பெரும்பாலும் ஏதோ ஒரு காகிதம் குறைகிறது என்றுதான் பொருள்.

இனி ஒரு கணக்கு. திருமணமாகி இரண்டு வருடம் நிறையாமல் அமெரிக்காவுக்குள் நுழைந்தால் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு வருடக் கிரீன் கார்டு. அது முடிவதற்கு முந்தைய 90 நாள்களுக்குள் அட்டையை நிரந்தரமாக்கக் கோரும் ஐ-751 மனுவை இருவரும் சேர்ந்து போட்டு, மறுபடி எல்லா ஆதாரமும் காட்டி, மறுபடி காத்திருக்க வேண்டும். இரண்டு வருடம் நிறைந்த பின் நுழைந்தால் பத்து வருட அட்டை, இந்த வேலையே இல்லை. உங்கள் விசா வரும்போது திருமணமாகி இருபது மாதம் ஆகியிருக்கலாம். விசாவின் தேதி இடம் கொடுத்தால், இரண்டாம் கல்யாண நாள் கழிந்த மறுவாரம் விமானம் ஏறுங்கள். இறங்கியதும் குடியேற்ற அதிகாரியிடம் திருமணச் சான்றிதழைக் காட்டி, வகையை மாற்றிப் பதியச் சொல்லிக் கேளுங்கள். பொறுக்க முடியாது, உடனே போக வேண்டும் என்றால் தாராளமாகப் போங்கள். பிரிந்திருக்கும் புதுத் தம்பதிக்கு நாலு மாதம் என்பது சின்னக் காலமில்லை.

டிஎஸ்-260இல், வேலைக்கும் வரிக்கும் தேவைப்படும் சோஷியல் செக்யூரிட்டி எண் வேண்டுமா என்ற கேள்விக்கு ஆம் என்று குறித்துவிடுங்கள். அட்டை தபாலில் வீட்டுக்கே வரும். கேட்டியில் கார் ஓட்டத் தெரியாவிட்டால் பக்கத்துக் கடைக்குக்கூட யாரையாவது எதிர்பார்க்க வேண்டும். அங்கே பஸ்ஸை நம்பி இருக்க முடியாது. வெயில் திண்டுக்கல்லுக்குச் சளைத்ததல்ல, பல தெருக்களில் நடைபாதையும் கிடையாது. இப்போதே கார் ஓட்டக் கற்று ஊரிலேயே உரிமம் வாங்குங்கள். டெக்ஸாஸில் புதிதாகக் குடியேறியவர் 90 நாள்களுக்குள் அந்த மாநில உரிமம் எடுத்துவிட வேண்டும். எழுத்துத் தேர்வு, சாலைத் தேர்வு இரண்டும் உண்டு. சாலையின் வலப்புறம் ஓட்டப் பழகுவதைவிட, இரண்டு கார்களுக்கு நடுவே பின்னோக்கி நிறுத்துவதுதான் பலருக்குக் கண்ணீர் வரவழைக்கிறது. மருத்துவக் காப்பீட்டில் உங்களைச் சேர்க்கப் பல நிறுவனங்கள் முப்பது நாள்தான் அவகாசம் தரும். எந்த நாளிலிருந்து அதைக் கணக்கிடுவார்கள் என்று கணவரை இப்போதே தன் அலுவலகத்தில் கேட்டுவைக்கச் சொல்லுங்கள்.

வேலை கிடைக்குமா என்றால், கிடைக்கும். ஆனால் இதே நாற்காலி உடனே கிடைக்காது. வங்கி நீங்கள் படித்த பட்டத்துக்கு மதிப்பீட்டுச் சான்று கேட்கலாம், கடன் வரலாறும் பார்க்கும். உங்களுக்கோ வரலாறே இருக்காது. கணவரின் கடன் அட்டையில் கூடுதல் பயனாளராக உங்கள் பெயரைச் சேர்த்தால் சில மாதங்களில் அது உருவாகத் தொடங்கும். முதலில் கிளையில் காசாளர் வேலை வந்தால் தயங்காமல் சேருங்கள், இங்கே அதிலிருந்து மேலே போனவர்கள் ஏராளம். உங்களைப் போன்றவர்களுக்கு நான் சொல்லும் இன்னொரு வழி, வரி கட்டுபவர் சார்பில் வரித்துறையிடம் வாதாடும் உரிமை தரும், அமெரிக்க வரித்துறையே நடத்தும் என்ரோல்டு ஏஜென்ட் தேர்வு. மூன்று பகுதி, பட்ட நிபந்தனை கிடையாது. காத்திருக்கும் இந்த ஒன்றரை வருடம் அதற்குப் படிக்கப் போதும்.

வங்கிக்காரர் என்பதால் இதைச் சுருக்கமாகச் சொன்னாலே புரியும். வெளிநாட்டில் குடியேறியதும் இந்தியாவில் உள்ள சேமிப்புக் கணக்கை, வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். கிரீன் கார்டு வந்த பிறகு இந்தியாவில் வரும் வட்டியையும் அமெரிக்க வரிக் கணக்கில் காட்ட வேண்டும். வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் தனி அறிக்கை உண்டு. அப்பாவின் வைப்பில் உங்கள் பெயர் இரண்டாவதாக இருந்தாலும் அது உங்கள் கணக்கில் சேரும். மியூச்சுவல் ஃபண்டு இருந்தால் கிளம்புவதற்கு முன் ஒரு கணக்காயரைப் பாருங்கள். அமெரிக்க வரிச் சட்டம் அதை நடத்தும் விதம் அவ்வளவு கடுமை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் கணவரைப் பற்றி எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. புதுப்பெண் யாராக இருந்தாலும் இதைச் சொல்லித்தான் அனுப்புவேன். விசா வரும்வரை மனு அவர் கையில் இருக்கிறது, திரும்பப் பெறலாம். நீங்கள் உள்ளே நுழைந்த பிறகு அதை அவரால் ரத்து செய்ய முடியாது. "ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவேன்" என்று ஒரு கணவன் சொன்னால் அது வெற்று மிரட்டல். அந்த அதிகாரம் அவனிடம் இல்லை. இரண்டு வருட அட்டை வைத்திருப்பவர், மண வாழ்க்கை முறிந்தாலோ கொடுமை நடந்தாலோ ஐ-751 மனுவைத் தனியாகவே போடலாம். அந்த ஆதரவுப் பத்திரம் விவாகரத்தாலும் முடிவதில்லை. பாஸ்போர்ட், கிரீன் கார்டு, சோஷியல் செக்யூரிட்டி அட்டை மூன்றும் உங்கள் அலமாரியில் இருக்கட்டும். அவற்றின் படங்கள் ஊரில் நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கட்டும். உங்கள் பெயரில் தனியாக ஒரு வங்கிக் கணக்கும் வேண்டும். அவசரத்துக்கு 911. ஹூஸ்டனில் தெற்காசியக் குடும்பங்களுக்கென்றே "தயா" என்ற அமைப்பு இருக்கிறது. பெயரை நினைவில் வைத்திருங்கள், தேவைப்படாமலே போகட்டும்.

உங்கள் கோப்பை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன். பழைய விசா மறுப்போ வழக்கோ உங்களில் யாருக்காவது இருந்தால் இந்தக் கடிதத்தை மட்டும் நம்பாமல் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

கருவேப்பிலைக் கன்று கூடாது. இலைகூடக் கூடாது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயை அது கொண்டுவந்துவிடும் என்று விமான நிலையத்திலேயே பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். அம்மா அரைத்த பருப்புப் பொடியும் சாம்பார்ப் பொடியும் கொண்டுவாருங்கள், உணவுப் பொருள் இருக்கிறது என்று மறைக்காமல் அறிவித்துவிடுங்கள். கன்றைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பியர்லாந்து மீனாட்சி கோயிலுக்குப் போகிற நாளில் பக்கத்தில் நிற்கும் யாரையாவது கேளுங்கள், ஹூஸ்டன் தமிழர் வீட்டுக் கொல்லையில் அது ஆளுயரம் வளர்ந்து நிற்கிறது.